சொல்லின் நடுவில் ஒரு மூச்சு

பாதை கரையை விட்டு நகர்ந்தபோதும் அந்தச் சொல் வரவில்லை. பாதை என்றால் அந்தப் பக்கத்தில் வீதியல்ல. வாவியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிச் செல்கிற தட்டையான பெரிய மிதவை. அதன் ஓரத்துப் பலகையில், வேட்டியை முழங்காலுக்குள் ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பூபாலரத்தினம், காலையில் முகம் கழுவும்போது தொலைந்துபோன ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். வாவியில ஓடம் விட்டு வலைவீசப் போன மச்சான். அது சரி. காத்தடிச்சுக் கருக்குதடி கண்ணுறக்கம் இல்லையடி. அதுவும் சரி. கரைசேர வேணுமடி கிழக்கால... கிழக்கால என்ன? கிழக்கால வெளிச்சமடி? இல்லை. கிழக்கால செங்கதிரு? சீ, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினதுபோல இருக்கிறது. மெட்டு மட்டும் பிசகாமல் உள்ளே நின்றது. ‘கிழக்கால’வுக்குப் பிறகு உச்சத்துக்கு ஏறி, அங்கே சற்று நின்று, வழுக்கியதுபோல் இறங்குகிற அந்த வளைவை அவர் எழுப்பிவிட்டுக் கேட்டாலும் பாடுவார். ஆனால் அந்த வளைவுக்குள் சொல் இல்லை. ஆள் இறங்கிப்போன ஊஞ்சல்போல அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எழுதியவர் அவர், மெட்டுப் போட்டவர் அவர். பட்டமளித்த மேடையில் ‘தேசிய நாட்டிசையின் தந்தை’ என்று மஞ்சள் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளையின் பெயரை மறந்த தந்தை. யாரிடம் கேட்பது? மருமகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பின்னேரமே வைத்தியரிடம் கூட்டிப்போவாள். அங்கே ஒரு பெட்டை இன்று என்ன கிழமை, ஜனாதிபதி யார் என்றெல்லாம் கேட்பாள். இன்று என்ன கிழமை? வெள்ளி. வெள்ளிக்கிழமை. அப்போது ஏதோ ஒன்று, மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டுப் போவதுபோல, நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போயிற்று. திரும்பிப் பார்ப்பதற்குள் இல்லை.

இயந்திரம் அடித்தொண்டையில் இருமி, பிறகு ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது. டீசல் புகை, உப்புக்காற்று, யாரோ கூடையில் கொண்டுபோகும் கருவாட்டின் வாசம். எதிர்ப்பலகையில் மடியில் குழந்தையுடன் ஒரு இளம்பெண். குழந்தையின் புயத்தில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது, கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு வருகிறாள்போல. பக்கத்தில் ஒரு ஆடு, காதுக்குள் எதையோ கேட்பதுபோல தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இந்தத் தாளம் மூன்றா நாலா? மூன்றுதான், இல்லை, எண்ணத் தொடங்கினால் எல்லாமே மூன்றாகத்தான் தெரியும், எண்ணாமல் விட்டால்தான் தாளம் தன் முகத்தைக் காட்டும். இதைச் சொன்னவர் குணதிலக. வானொலி நிலையத்து வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர், எப்போதும் வெற்றிலைக் காவிப் பல்லோடு சிரிக்கிறவர். கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேநீர்ச் சாலையில், அவர் அரைகுறைத் தமிழில் கேட்டார்: “மாத்தையா, காலையில இருந்து நாங்க வாசிக்கிறது எல்லாம் மெட்ராஸ் பாட்டு. உங்கட ஊர்ல பாட்டு இல்லையா?” குத்திக் கேட்கவில்லை. ஊரில் மாங்காய் இல்லையா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். பூபாலரத்தினம் வாயில் வைத்த மாலுபணிஸை, அந்த மீன் பணிஸை, விழுங்கமுடியாமல் இருந்தார். சிதம்பரத்தில் நாலு வருடம் படித்தவர். தோடியை மூன்று மணி நேரம் பாடத் தெரியும். ஆனால் சொந்த ஊர்ப் பாட்டு ஒன்று பாடு என்றால், வயல்வெட்டுக்காரர் பாடுவதை இரண்டடி பாடிவிட்டு மூன்றாம் அடியில் நின்றுவிடுவார். அந்த மாலுபணிஸ்தான் தொடக்கம். பட்டமளிப்புப் பேச்சில் இதைச் சொல்லவில்லை; ஏதோ மண்ணின் அழைப்பு என்று சொன்னார். மண் எங்கே அழைத்தது? குணதிலகதான் கேட்டார்.

அதற்குப் பிறகு லீவு கிடைத்த போதெல்லாம் ரயிலேறிக் கிழக்கே வந்து, வயலிலும் மீனவர் வாடியிலும் கோயில் முன்றலிலும் குந்தியிருந்து கேட்டார். கேட்டதை அப்படியே எடுத்துப் போய் ஒலிபரப்பவில்லை, அது அவருக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். கேட்டதெல்லாம் உள்ளே போய் ஊறி, வேறொன்றாக வெளியே வந்தது. புல்லாங்குழலும் உடுக்கும் இரண்டு வயலினும் வைத்து, நாலே வரியில், கேட்டவன் உடனே திருப்பிப் பாடும்படியாக. வித்துவான்கள் சிரித்தார்கள், ‘வயல் வரம்பில் பாடுவதை ஒலிவாங்கிக்கு முன் ஏன் பாடவேண்டும்?’ அது போகட்டும் என்றிருந்தார். பிறகு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் எழுதினார், இவை நாட்டார் பாடல்களே அல்ல, ஹார்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தனிமனிதர் செய்தவை. இன்னொருவர் எழுதினார், இவை எல்லாமே நாட்டார் பாடல்கள்தாம், அந்தத் தனிமனிதர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இரண்டையும் ஒரே பின்னேரத்தில் வாசித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். நான் செய்தேனா, எடுத்தேனா? அன்று கேள்விக்கு விடை நிச்சயமாக இருந்தது. வயதாக ஆக அந்த நிச்சயம் சவர்க்காரம்போல் கரைகிறது. இப்போது சொல்லே போய்விட்டது. செய்தவனுக்குச் சொல் மறக்குமா? எடுத்தவனுக்குத்தான் மறக்கும். அந்த எண்ணம் வந்ததும் வெயிலிலேயே உடம்பு ஒருமுறை சில்லிட்டது. பலகையை இறுகப் பிடித்தார். பலகை சுட்டது. அந்தச் சூடு ஆறுதலாக இருந்தது.

அந்தப் பாட்டை முதலில் பாடிய தெய்வநாயகி இருந்தால் கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்டால் வெட்கமில்லை. ஆனால் இன்று போவதே அவளுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்குத்தான். சாவீட்டுக்குப் போக முடியவில்லை, காய்ச்சல். காய்ச்சல் என்றுதான் சொன்னார். காய்ச்சலும் இருந்தது, பயமும் இருந்தது. அவளை முதலில் கண்டது நகர மண்டபத்தில். குரல் தேடி வந்திருந்தார். பெட்டைகள் வரிசையாக வந்து ஒவ்வொரு சினிமாப் பாட்டாகப் பாடிவிட்டுப் போனார்கள், எல்லாம் கேட்டுக் கேட்டு வேறு யாரோவாக மாறிவிட்ட குரல்கள். கடைசியில் ஒருத்தி வந்து முன்னால் நின்று, “ஐயா, குடிக்கிற தண்ணி எங்க கிடக்கு? எண்ட தங்கச்சிக்குத் தலை சுத்துதாம்” என்றாள். தங்கையைப் பாட்டுக்குக் கூட்டி வந்தவள். அந்த ஒற்றை வாக்கியத்தில் ஒரு வெளி இருந்தது, காற்று உள்ளே போய் வர இடம் இருந்தது. தண்ணீர் எங்கே என்று காட்டிவிட்டு, “நீ பாடுவியா?” என்றார். “நானா? நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவ. வாய்ப்பாடுதான் பாடுவன்” என்றாள். “வாய்ப்பாட்டையே பாடு” என்றார். பாடினாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. அவர் வாழ்க்கையில் கேட்ட நல்ல பாட்டுகளில் அதுவும் ஒன்று. இதை யாரும் நம்பமாட்டார்கள். இன்று கிரியை வீட்டில் இதைச் சொல்லலாமா? அவளுடைய மகன் குகநேசன் தொலைபேசியில், “அம்மாவப் பத்தி நீங்கதான் பேச வேணும் ஐயா” என்றான். பையில் பேச்சு இருக்கிறது, மூன்று பக்கம், ‘ஈழத்து மெல்லிசையின் எழுச்சிக் காலகட்டத்தில்’ என்று தொடங்குகிறது. காலகட்டம்! செத்துப்போன ஒருத்தியைக் காலகட்டத்துக்குள் வைத்துப் பேச எப்படி மனம் வந்தது?

நடு வாவியில் காற்று மாறியது. குழந்தை சிணுங்கத் தொடங்கிற்று, பிறகு ஊசி போட்ட இடம் நினைவுக்கு வந்ததுபோல வீரிட்டது. அந்தப் பெண் அதைத் தோளில் போட்டாள், மடியில் போட்டாள், பஞ்சைத் தொட்டு ஊதினாள், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு காலை நீட்டி அதில் கிடத்தி ஆட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், பாடத் தொடங்கினாள். வாவியில ஓடம் விட்டு வலைவீசப் போன அப்பா. மச்சான் இல்லை, அப்பா. பூபாலரத்தினம் அசையவில்லை. அசைந்தால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பட்டது. காத்தடிச்சுக் கருக்குதடி கண்ணுறக்கம் இல்லையடி. மெட்டைச் சற்று அகட்டியிருந்தாள், ஆட்டுகிற காலுக்கு ஏற்றபடி. கரைசேர வேணுமடி கிழக்கால... அவருடைய நெஞ்சு ஏறியது, உச்சத்துக்கு, அவளோடு சேர்ந்து. விடி. அங்கே மூச்சு வாங்கினாள். வெள்ளி.

விடிவெள்ளி. கிழக்கால விடிவெள்ளி. கடவுளே, இதையா காலையிலிருந்து? சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது, இரண்டையும் காற்றின் தலையில் போட்டுவிட்டுத் துண்டால் துடைத்தார். ஆனால் துடைத்து முடிவதற்குள் சொல்லைவிட மற்றது பெரிதாக வந்து நின்றது. அந்த மூச்சு. சொல்லின் நடுவில், ‘டி’க்கும் ‘வெ’க்கும் இடையில், சிறு விக்கல்போல ஒரு மூச்சு. யாரும் அங்கே மூச்சு விடமாட்டார்கள். ஒரே ஒருத்தி விட்டாள், தெய்வநாயகி. ரயில் பிந்தி வந்த அன்று. கலையகம் அவருக்கு ஒதுக்கிய நேரம் ஓடிக்கொண்டிருந்தது, வாத்தியக்காரர் கம்பி முறுக்கி முடித்து வெறுமனே இருந்தார்கள், அவர் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் ஓடியே வந்திருந்தாள், சேலைக் கரையெல்லாம் சேறு. தண்ணீர் குடிக்கவும் விடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தக் காலத்தில் நேரே இசைத்தட்டில் வெட்டுவார்கள், பிழை வந்தால் தட்டுப் போய்விடும். முதல் அடிகள் கண்ணாடிபோல வந்தன. அந்தக் கடைசி அடியை அவர் ஒரே மூச்சுக்கென்றுதான் கட்டியிருந்தார், அதுதான் அந்தப் பாட்டின் முதுகெலும்பு என்று எண்ணியிருந்தார். உச்சத்தில் அவளுக்கு மூச்சுப் போதவில்லை. விடி. வெள்ளி. சொல் இரண்டாக உடைந்தது. விளக்கு அணைந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசியிருந்தாலும் பரவாயில்லை. அவள் சுவரோரம் போய் நின்று தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வருடம் இன்னொருத்தியை வைத்து அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். நன்றாகப் பயின்ற குரல், மூச்சு அறுபடவேயில்லை. இனி இதையே போடுங்கள் என்று நிலையத்தில் சொல்லியும் வைத்தார். ஆனால் நேயர்கள் பழையதைத்தான் கேட்டார்கள், அறிவிப்பாளர்கள் பழையதைத்தான் போட்டார்கள். போட்டுப் போட்டு அந்தத் தட்டு கரகரத்து, ஊசி வழுக்கி, கடைசியில் ஒன்றுக்கும் உதவாமல் தேய்ந்துபோனது. யாரும் அதிகம் போடாத இரண்டாவதுதான் பழுதில்லாமல் மிஞ்சியது. தெய்வநாயகி கல்யாணம் செய்து அக்கரைக்குப் போய்விட்டாள், பிறகு பாட வரவில்லை. ஒருமுறை கோயில் திருவிழாவில் கண்டபோது, அவர் கேட்காமலே சொன்னாள்: “அந்தப் புள்ள நல்லாப் பாடியிருக்கு அண்ணன். மூச்சே விடல்ல.” அது மெச்சலா? எத்தனையோ வருடமாக அந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மூச்சே விடல்ல. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கையில் அருச்சனைத் தட்டு இருந்தது. சிரித்தாளா? இப்போது அவளே மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் இங்கே, ஆட்டுக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில், முன்பின் தெரியாத ஒருத்தியின் தொண்டையில், அன்று ஓடி வந்த அந்த மூச்சு இளைத்துக்கொண்டிருக்கிறது.

குழந்தை உறங்கிவிட்டது. அவர் மெல்லக் கேட்டார்.

“புள்ள, இது ஆருடைய பாட்டு?”

“ஆருடைய பாட்டெண்டு கேட்டா? பழைய பாட்டு ஐயா. எங்கட அம்மா பாடுவா. அவக்கு அவட அம்மா பாடினதாம். அந்தக் காலத்துப் பாட்டு.”

“விடி எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுறாயே. மறுகாத்தானே வெள்ளி எண்டுறாய்.”

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள், இதுவும் தெரியாதா என்பதுபோல. “விடியச் சொல்லிக் கேக்கிறதுதானே ஐயா. புருசன் கடல் வாவியெண்டு போயிருக்கான். கிழக்குப் பக்கமாப் பாத்து, ‘விடி, வெள்ளி’ எண்டு கும்பிடுறா. வெள்ளி விடிஞ்சாத்தானே அவன் கரைக்கு வருவான்.”

விடி, வெள்ளி. அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் எழுதியபோது கிழக்கே ஒரு நட்சத்திரம் இருந்தது, அவ்வளவுதான்; அழகாக இருந்தது, சும்மா இருந்தது. மூச்சு உடைத்த இடத்தில் அது ஒரு பெண்ணின் மன்றாட்டாகிவிட்டது. இந்தப் பிழையை அவர் செய்யவில்லை, எடுக்கவும் இல்லை. திருத்தப் பார்த்தார், ஊர் விடவில்லை. அந்தப் பாட்டு என்னுடையது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் இவள் நம்புவாளா? நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? ‘அம்மாவின் அம்மா பாடியது’ என்கிறாள். அந்த அம்மம்மா ஏதோ ஒரு வானொலிப் பெட்டிக்கு முன்னால், சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டு, தட்டுத் தேயத் தேயக் கேட்டிருப்பாள். செய்தேனா எடுத்தேனா என்று இரவும் பகலும் அரித்த கேள்வி, தண்ணீரில் போட்ட கல்போல, விழுந்த இடம் தெரியாமல் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பார்க்க நினைத்தாலும் தெரியவில்லை. வெயில் தண்ணீர்மேல் பொடிப்பொடியாகக் கிடந்தது. இயந்திரம் இப்போது நாலில் ஓடியது, இல்லை, மூன்று, இருக்கட்டும்.

கரை கிட்ட வந்தது. இறங்குதுறையில் வெள்ளை வேட்டியும் மழித்த தலையுமாக ஓர் ஐம்பது வயதுக்காரன் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று கைகாட்டினான். தாயின் நெற்றியும் தாயின் நீண்ட கழுத்தும். குகநேசன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இறக்கினான்.

“வெயிலுக்க வந்திட்டிங்க ஐயா. சாமான் சட்டி எல்லாம் ஆயத்தம், உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம். நீங்க பேசி முடிஞ்ச உடன அம்மாட பாட்டப் போடப்போறம். கொழும்பில ஒராளப் பிடிச்சு எடுப்பிச்சன். அம்மா வீட்டில ஒரு நாளும் பாடினதில்ல ஐயா, கேட்டாச் சிரிச்சுப்போட்டுப் போயிடுவா. ரேடியோவில போனாலும் ‘உங்கட பாட்டுப் போகுது’ எண்டு அயல்காரர்தான் சொல்லுவாங்க. இப்பதான் நான் ஒழுங்காக் கேக்கிறன். ராத்திரி முழுக்கக் கேட்டன்.”

கைத்தொலைபேசியை எடுத்து அழுத்தினான். புல்லாங்குழல் வந்தது. குரல் வந்தது. அவருக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. கிழக்கால விடிவெள்ளி, ஒரே இழை, எங்கும் அறுபடாத பட்டு நூல். குகநேசன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டால் என்ன? அவனுக்கு ஒரு குரல் கிடைத்திருக்கிறது, அதைத் தாயென்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். இன்று அதைப் பறிப்பதா? எல்லோரும் அழுவார்கள், அழுது முடித்துச் சாப்பிடுவார்கள், யாருக்கும் ஒரு குறையும் வராது. தெய்வநாயகியும் ஒருவரிடமும் சொல்லாமல்தானே போனாள். மூச்சே விடல்ல. பாட்டு முடிந்தது. அவன் கண்ணைத் திறந்து, பரிசு வாங்கிய பிள்ளைபோல அவரைப் பார்த்தான்.

“தம்பி,” என்றார் பூபாலரத்தினம். “இது அம்மா இல்ல.”

“என்ன ஐயா?”

“இது வேற ஒரு புள்ள. நான்தான் மறுகா இன்னொருக்கா எடுப்பிச்சனான். அம்மா முதல்ல பாடினது வேற. அதுதான் ஊரெல்லாம் கேட்டது.”

குகநேசன் தொலைபேசியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். உதடு ஒருமுறை கோணியது. “அப்ப அம்மா பாடினது?”

“அந்தத் தட்டு இல்ல. தேஞ்சுபோச்சு.”

அவன் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தான்; வைக்கத் தெரியாதவன்போல் இரண்டுமுறை தடவி வைத்தான். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பலகையேறிக் கரைக்கு வந்தன, ஆடு வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அவர்களைக் கடந்து போனாள்.

“புள்ள, கொஞ்சம் நில்லு மகள்,” என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள். “இந்தத் தம்பிட அம்மாக்கு இண்டைக்கு முப்பத்தொண்டு. வாவியில பாடினாயே, அத இவருக்கு ஒருக்காப் பாடிக் காட்டு.”

“ஐயோ, நானா? ரோட்டில வச்சா?” அவளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. ஆனால் மழித்த தலையையும் அந்த முகத்தையும் பார்த்துவிட்டு, குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். “எனக்கு ஒழுங்காப் பாடத் தெரியாது ஐயா. பிழை விட்டுருவன்.”

“விடு. நடுவில ஒரு இடத்தில மூச்சு வாங்குவாய், அத மட்டும் மாத்திப்போடாத.”

“நான் மூச்சு வாங்குறனா? எந்த இடத்தில?”

“அத நீ யோசிக்காத,” என்றார் பூபாலரத்தினம். குகநேசனின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். “நீ பாடு. அது தானா வரும்.”